ஐயாயிரம் கோழிகளும் ஒரே பாட்டும்

எருமப்பட்டியிலிருந்து கிழக்கே நாலு மைல் போனால் சபரிநாதன் கோழிப்பண்ணை. அதில் மூன்றாம் நம்பர் ஷெட்டுக்குப் பொறுப்பு சென்னிமலை. இருபத்தாறு வருட சர்வீஸ். கோழி விஷயத்தில் அவரிடம் வாயைக் கொடுத்து யாரும் மீண்டதில்லை. ஷெட்டுக்கு வெளியே நின்றுகொண்டே, உள்ளே தும்முகிற கோழி எந்த வரிசை, எந்தக் கூண்டு என்று சொல்லிவிடுவார். பாட்டு விஷயத்தில் மட்டும் மனுஷன் சுத்த சூனியம். கல்யாண வீட்டில் மைக் செட் போட்டால் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு பந்திக்குப் போகிற ஆள். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பாட்டை, அதுவும் இங்கிலீஷ் பாட்டை, அதிலும் பாடவே பாடாமல் ஒருவன் கடகடவென்று பேசிக்கொண்டே போகிற பாட்டை, மூன்று மாதத்தில் பத்தாயிரம் தடவை கேட்டார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷப் பாட்டு, காலை ஆறு முதல் சாயங்காலம் ஆறு வரை, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது.

இதற்கெல்லாம் காரணம் கோழியின் பயந்த சுபாவம். திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் போதும், கோழி வெலவெலத்துப் போய்விடும். மாரியம்மன் நோம்பிக்கு ஊரில் வேட்டுப் போட்டால் மறுநாள் ஷெட்டில் ஓடே இல்லாத தோல் முட்டையாக விழும். அதனால் பண்ணையில் ஒரு வழக்கம். ஷெட்டுக்குள் ஒரு ரேடியோவைக் காலையிலிருந்து பாட விட்டுவிடுவார்கள். எந்நேரமும் ஒரு சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தால், வெளியே லாரி ஹாரன் அடித்தாலும் கோழி சட்டை செய்யாது. ஒரே ஒரு கட்டுப்பாடுதான். வளர்ப்பு ஷெட்டிலிருந்து முட்டை ஷெட்டுக்கு மாற்றுகிற அன்றைக்கு எந்தச் சத்தம் ஓடுகிறதோ, அதையே கடைசி வரை ஓட்ட வேண்டும். நடுவில் மாற்றக் கூடாது. இது சென்னிமலையே வகுத்த சட்டம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுப்பார். கடைசியில் அந்தச் சட்டமே அவர் கழுத்தைப் பிடித்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் ஷெட்டிலிருந்த பழைய ரேடியோ செத்துப்போனது. நல்ல வேளையாக, பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வந்த மகன் கௌசிக் அப்பாவுக்கென்று ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கி வந்திருந்தான். சுண்டுவிரல் அளவு பென் டிரைவை அதன் முதுகில் செருகிக் கொடுத்தான்.

"நூத்தியெட்டு பக்திப் பாட்டு போட்டிருக்கறேன்ப்பா. அமுக்குனாப் போதும், அதுபாட்டுக்கு ஓடும்."

சென்னிமலைக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்கு இந்த உலகத்தில் பெருமைப்பட இருந்தது அந்த ஒரு பையன்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி, குடியிருப்பது ஏழாவது மாடி. எருமப்பட்டியில் ஏழு மாடிக் கட்டடத்தை யார் பார்த்தார்கள்? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த ஏழாவது மாடியில் ஏறித்தான் நிற்கும். "என்ற பையன் ரூம்ல அடிக்கற காத்துக்குத் துணி காயப்போட முடியாதுங்க, பறந்துரும்" என்பார். போனில் மகனிடம் அவர் கேட்பதும் அதுதான். சாப்பிட்டாயா, காற்று வருகிறதா. அவனும் தவறாமல், "சாப்பிட்டேன்ப்பா, நெம்ப நல்லா வருதுப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

அந்தப் பையன் பொங்கலன்று இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, சோற்றைப் பிசைந்தபடியே, "அப்பா, நான் அங்கிருந்து வந்துரட்டுமா? நாமக்கல்லயே ஏதாச்சும் வேலை பாத்துக்கறேன்" என்று கேட்டான்.

சென்னிமலைக்கு அப்பளம் தொண்டையில் நின்றது. "ஏன்டா, நான் ஊருக்குள்ள தலைகாட்டறதா வேண்டாமா? அவனவன் அங்க போறதுக்குத் தவங்கெடக்கறான். ஏழாவது மாடியில காத்து வாங்கீட்டு இருக்கறவனுக்கு என்னடா கொறச்சல்?"

கௌசிக் பாதி இலையில் எழுந்தான், அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டான். அதற்கப்புறம் போன் வந்தால் அம்மா கண்ணாத்தாளுக்குத்தான் வரும். "அப்பா நல்லா இருக்கறாராம்மா?" என்று கேட்பானாம். சென்னிமலை பக்கத்துக் கயிற்றுக் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார். போனை வாங்க மாட்டார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. ஆனால் போன் வந்துவிட்டுப் போனால் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது.

பொங்கல் முடிந்து, கரிநாளுக்கு மறுநாள் கோழிகளை ஷெட் மாற்றினார்கள். பத்து ஆட்கள், ஐயாயிரம் கோழி, இறகும் தூசியுமாக ஒரே அமர்க்களம். சென்னிமலை பயபக்தியோடு கையைக் கழுவிவிட்டு வந்து ஸ்பீக்கரை அமுக்கினார். பிள்ளையார் பாட்டு வரும் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கிய நேரத்தில், 'டம் டம் டக்' என்று ஒரு கொட்டுச் சத்தமும், அதன் மேல் ஒருத்தன் யாரையோ திட்டுகிற சத்தமும் வந்தது. சரி, இது ஏதோ முன்னுரை, அடுத்தது சாமி பாட்டாக இருக்கும் என்று விட்டுவிட்டார். அடுத்ததும் அதுவேதான். அதற்கடுத்ததும் அதுவே. நூற்றெட்டுப் பாட்டையும் கௌசிக் ஒரு ஃபோல்டருக்குள் போட்டு வைத்திருந்தான். அந்தப் பெட்டிக்கு ஃபோல்டரைத் திறக்கத் தெரியாது. வெளியே தனியாகக் கிடந்தது அவன் தனக்கென்று ஏற்றி வைத்திருந்த அந்த ஒரே பாட்டுதான்.

ஒரு போன் போட்டிருந்தால் அரை நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். போடுவாரா? அவன் முதலில் பேசட்டும் என்று இருந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் ஐயாயிரம் கோழிக்கும் அந்தப் பாட்டு பழகிவிட்டது. அதற்கப்புறம் சட்டப்படி மாற்ற முடியாது.

ஒரு மாதம் ஓடியது. கோழிகள் முட்டை வைக்க ஆரம்பித்த சமயம், பண்ணைக்காரர் சபரிநாதன் தன் மாமனாரைப் பண்ணை சுற்றிக் காட்ட அழைத்து வந்தார். மாமனார் பழுத்த முருக பக்தர். ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங் மாப்ள, உள்ள ஆராச்சும் அடிச்சுக்கறாங்களா?"

சபரிநாதனுக்கு முகம் செத்துவிட்டது. "சென்னிமலையண்ணா, என்னங்க இது கருமம்? மொதல்ல அதை நிறுத்துங்க!"

"பழகிருச்சுங் மொதலாளி. மாத்துனா முட்டை கொறையுமுங்க."

"நாலு நல்ல பாட்டு கேட்டா கோழி குறைஞ்சா போயிரும்? நிறுத்துங்கண்ணா!"

நிறுத்தினார்கள். புது ரேடியோ வந்தது, புல்லாங்குழல் வாசித்தது. ஐயாயிரம் கோழியும் கழுத்தை நீட்டிக்கொண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அப்படியே நின்றன. மறுநாள் தீவனம் தொட்டியில் அப்படியே கிடந்தது. அதற்கு மறுநாள் தட்டுத் தட்டாகத் தோல் முட்டை. மூன்றாம் நாள் காலையில் சபரிநாதனே ஸ்பீக்கர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"அந்தச் சண்டைக்காரனையே பேச உடுங்கண்ணா" என்று கொடுத்துவிட்டு, மாமனாரிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

ஆக, விதியே என்று சென்னிமலை அந்தப் பாட்டோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தார். முதல் பத்து நாள் மண்டை வெடித்தது. அடுத்த பத்து நாள் காதில் விழவே இல்லை. அதற்கப்புறம்தான் வேடிக்கை. தீவனம் போடுகிற கை தானாகக் கொட்டுக்குத் தகுந்தபடி விழத் தொடங்கியது. டம் டம்முக்கு ஒரு அள்ளு, டக்குக்கு ஒரு தட்டு. வரிசையின் கடைசிக்குப் போகிறபோது பாட்டும் முடியும். வேலை வழக்கத்தைவிட சீக்கிரமாகவே ஓடியது. பாட்டுக்காரன் எங்கே பல்லைக் கடிக்கிறான், எங்கே நக்கலாகச் சிரிக்கிறான், எங்கே மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பாய்கிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி ஆயிற்று. ஒரு வார்த்தைக்குக்கூட அர்த்தம் தெரியாது. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை என்று மட்டும் தோன்றியது.

அதில் ஒரு இடம் இருந்தது. மூன்றாவது நிமிஷம் தாண்டியதும் அதுவரை கத்திக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்திவிடுவான். கொட்டு மட்டும் நாலு தட்டு தனியாகப் போகும். அப்புறம் தணிந்த குரலில், பக்கத்து ஆளிடம் பேசுகிற மாதிரி என்னவோ சொல்வான். ஒரே ஒரு வரி. அந்த இடம் வந்தால் சென்னிமலையின் கை தீவனத்தோடு அந்தரத்தில் நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்று அவருக்கே புரியவில்லை.

இந்தத் தாளம் வீட்டிலும் தொடர்ந்தது. காபி டம்ளரை வைத்துக்கொண்டு திண்ணையின் மேல் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தவரைக் கண்ணாத்தாள் ஒரு வாரம் பார்த்தாள்.

"ஏனுங்க, கையி நடுங்குதுங்களா? நரம்பு டாக்டர்கிட்டக் காட்டீரலாமுங்க."

"ஏபுள்ள, இது நடுக்கமில்ல. தாளம்."

"எங்கப்பனுக்கும் இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது" என்று அவள் மூக்கைச் சிந்தினாள்.

டீக்கடையில் கேட்கவே வேண்டாம். முட்டை லாரி ஓட்டுகிற ராசுதான் அவருக்கு நிரந்தர பெஞ்சுக் கூட்டாளி. மூன்று வருடமாக ஏழாவது மாடிக் கதை கேட்டுக் காது புளித்துப்போயிருந்த மனுஷனுக்கு இப்போது புதுத் தொல்லை.

"பாட்டுன்னா ஒரு ராகம் வேண்டாமுங்களா?" என்றார் ராசு.

"ராகம் என்னத்துக்குங்க? சந்தையில ஒருத்தன் வயிறெரிஞ்சு பேசறான், அவனைப் போயி ராகமாப் பேசும்பீங்களா? இவன் ராகம் போடறதில்லீங்க, நாயம் பேசறான். ஒருக்கா வந்து கேளுங்க. மூணாவது நிமிசத்துல ஒரு எடம் வருது பாருங்க..."

"நான் லோடு ஏத்த வந்தா கேட்டுத்தானே தொலைக்கறேன்" என்று ராசு எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் மாதம் கால்நடை டாக்டர் தனப்பிரியா வந்தாள். சேந்தமங்கலத்துப் பெண், இந்தப் பண்ணைக்குப் புதிது. கோழிக்கு ரத்தம் எடுக்க ஷெட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்று சிரித்துவிட்டாள்.

"அண்ணா, இந்தப் பாட்டு இங்க எப்படீங்க? நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்ததுங்க இது. காலேஜ் ஹாஸ்டல்ல பொழுதன்னிக்கும் ஓடும்."

சென்னிமலைக்குக் கோயிலில் சாமியே நேரில் வந்த மாதிரி ஆயிற்று. "டாக்டரம்மா, உங்களுக்கு இது என்னன்னு தெரியுமுங்களா? உக்காருங்க. ரத்தம் அப்பறம் எடுத்துக்கலாம். மொதல்ல அடிச்சுப் பேசறானே, என்ன சொல்றான்?"

தனப்பிரியா தீவன மூட்டை மேல் உட்கார்ந்து காது கொடுத்தாள். "அமெரிக்காவுல ஒரு பெரிய டவுன்ல வாடகைக்கு இருக்கறவனுங்க. லிஃப்ட் வேலை செய்யலீங்கறான். ரிப்பேர்னு எழுதி ஒட்டி நாலு வருசமாச்சாம். ஒட்டுன பேப்பர் கிழிஞ்சு போயி, லிஃப்டைச் சரி பண்ணாம, புதுப் பேப்பர் ஒட்டியிருக்கறாங்களாம்."

சென்னிமலைக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஏதோ ராஜ்யமே பறிபோனவன் என்றல்லவா நினைத்திருந்தார். "இத்தனை கோவமும் லிஃப்டுக்குங்களா?"

"ஒம்பதாவது மாடிங்கண்ணா. தெனமும் ஏறணுமல்ல?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். அப்படிப் பார்த்தால் கோபம் நியாயம்தான்.

"சொவத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் ராத்திரியெல்லாம் இருமறானாம். மூணு வருசமா அந்த இருமல் தெரியும், அவன் பேரு தெரியாதுங்கறான். அப்பறம்..." தனப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அது ஒண்ணுமில்லீங்க, சும்மா ஒரு வார்த்தை."

"சொல்லுங்கம்மா. முட்டை லோடு ஏத்தறப்ப ராசு சொல்லாத வார்த்தையா?"

"அதேதானுங்க."

"செரி, மேல போங்க."

"சன்னல் நாலு விரக்கடைதான் தொறக்குமாம். அதுக்கு மேல தொறக்காம கட்டடக்காரன் ஆணி அடிச்சு வெச்சுட்டானாம். ஆராச்சும் குதிச்சுட்டா அவனுக்குக் கெட்ட பேராம்."

அதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் அந்த இடம் வந்தது. கத்தல் நின்றது. கொட்டு தனியாக நாலு தட்டுத் தட்டியது. தணிந்த குரல் அந்த ஒரு வரியைச் சொன்னது. சென்னிமலை எழுந்தே நின்றுவிட்டார்.

"இது! இது என்னங்கம்மா? மூணு மாசமா இந்த எடத்துலதான் என்ற கை நிக்குது."

"அது ஒண்ணும் பெருசில்லீங்கண்ணா. ஊர்ல இருந்து அவங்கம்மா போன் பண்றாங்க. அதுக்கு அவன் சொல்றான், 'சாப்பிட்டேன்மா. இங்க நல்லாக் காத்து வருது'ன்னு."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க. ரெண்டுமே பொய்யி" என்று தனப்பிரியா ஊசியை எடுத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் போனாள்.

சென்னிமலை போகவில்லை. அவருக்கு முன்னால் கூண்டுகள் மூன்று அடுக்காக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீண்டு கிடந்தன. கோழிகள் கழுத்தை வெளியே நீட்டித் தீவனம் தின்றுகொண்டிருந்தன. பாட்டு மறுபடி முதலிலிருந்து லிஃப்டைத் திட்டத் தொடங்கியது. சாப்பிட்டேன்ப்பா, நெம்ப நல்லா வருதுப்பா. மூன்று வருடமாக வாரா வாரம் கேட்ட பதில். இதே தணிந்த குரல். பொங்கல் இலையில் பாதிச் சோற்றோடு எழுந்து போன முதுகு கண்முன் வந்தது. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஷெட் வாசலுக்கு வந்து, நடுங்குகிற விரலால் போனை அமுக்கினார். இந்தத் தடவை தாளம் இல்லை, நிஜ நடுக்கம்தான்.

"அப்பா?" கௌசிக்கின் குரலில் பயம்தான் முதலில் கேட்டது. "அம்மாவுக்கு ஏதாச்சும்ங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மாதான்."

பின்னால் ஷெட்டிலிருந்து டம் டம் டக் வந்துகொண்டிருந்தது.

"அப்பா, அங்க என்ன ஓடுது? அது என்ற பாட்டு!"

"உன்ற பாட்டேதான். பொங்கல்ல இருந்து ஓடுது."

"நூத்தியெட்டு பக்திப் பாட்டு போட்டுக் குடுத்தனேப்பா?"

"அது உள்ள எங்கயோ பத்திரமா இருக்குது." சென்னிமலை தொண்டையைச் செருமினார். "சாமி, உன்ற ரூம்ல சன்னல் தொறக்குமா?"

லாரி ஒன்று ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் காத்திருந்தார்.

"சன்னலே இல்லப்பா" என்றான் கௌசிக். "ஆறு பேர் இருக்கறோம். ஃபேன் ஒண்ணு."

"காத்து நெம்ப வருதுன்னயே?"

"நீங்க கேட்டீங்களேப்பா. அதனால சொன்னேன்."

சென்னிமலை துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். இருபத்தாறு வருடம் கோழிக்குக் காற்று போதுமா, வெளிச்சம் போதுமா என்று பார்த்தவர். ஒரு கூண்டில் ஒரு கோழி கூடுதலாகப் போட்டால் ஆளை நிறுத்தி வைத்துத் திட்டியவர்.

"பொறப்பட்டு வா சாமி."

"ஊர்ல கேப்பாங்களேப்பா."

"கேட்டா நான் சொல்லிக்கறேன். நீ வா."

சொல்லிவிட்டார், சரி. ஆனால் மறுநாள் காலை டீக்கடையில் சொல்ல வேண்டியது அவர்தானே? ராத்திரி முழுக்க மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தார். கம்பெனியையே நாமக்கல்லுக்கு மாற்றுகிறார்கள் என்று ஒன்று. வீட்டிலிருந்தே வேலை என்று ஒன்று. ஜாதகத்தில் வடக்கு ஆகாது என்று ஒன்று. பெஞ்சில் உட்கார்ந்து டம்ளரை வாங்கியதும் மூன்றும் மறந்துபோயின.

"பையன் வாரானுங்க" என்றார்.

"லீவுக்குங்களா?" என்று ராசு கேட்டார்.

"இல்லீங்க. ஊட்டுக்கு. இனி இங்கயே இருக்கறதுக்கு."

"அப்ப ஏழாவது மாடி?"

கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சென்னிமலை டீயை ஒரு மிடறு குடித்தார். "அந்த மாடியில சன்னலே இல்லீங்க. நான் சொன்ன காத்தெல்லாம் பொய்யி."

ராசு பெரிதாக ஒரு மூச்சை விட்டார். "அப்பாடா! மூணு வருசமா என்ற ஊட்டுல உங்க பையன் பேரைச் சொல்லித்தானுங்க என்ற பையனுக்குத் தெனமும் திட்டு உழுகுது. இனியாச்சும் அவன் நிம்மதியாச் சோறு திங்கட்டும்" என்று சொல்லி, இன்னொரு டீயும் ஒரு போண்டாவும் சென்னிமலைக்கு வாங்கி வைத்தார்.

அடுத்த வாரம் கௌசிக் பஸ்ஸிலிருந்து இறங்கி, பையோடு நேராக ஷெட்டுக்கே வந்தான். ஆள் இளைத்திருந்தான். அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சும்மா நிற்க முடியாமல் கௌசிக் ஸ்பீக்கர் பெட்டியைக் கையில் எடுத்தான்.

"இதுக்காப்பா இத்தனை நாளு கஷ்டப்பட்டீங்க? அரை நிமிசம்" என்று அந்தப் பென் டிரைவைத் தன் போனில் செருகி என்னவோ தடவி, திரும்பப் பெட்டியில் மாட்டினான். கணீரென்று பிள்ளையார் பாட்டு கிளம்பியது.

ஐயாயிரம் கோழியும் கழுத்தை நீட்டின.

"டேய், டேய், மாத்தாதடா!" சென்னிமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "முட்டை போயிரும்டா! பழையபடியே போடு, சீக்கிரம்!"

கௌசிக் பதறிப்போய் பென் டிரைவைப் பிடுங்கி, மறுபடி போனில் செருகித் தடவி, பெட்டியில் மாட்டினான். டம் டம் டக் வந்தது. கழுத்துகள் தீவனத்துக்குத் திரும்பின. கௌசிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. அவன் சிரிப்பதைப் பார்த்து சென்னிமலையும் சிரித்தார். அந்தக் குடும்பத்தில் ஜனவரிக்கு அப்புறம் அதுதான் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு வரிசையில் தீவனம் போட்டுக்கொண்டு போனார்கள். பாட்டு லிஃப்டைத் திட்டியது, இருமுகிறவனைச் சொன்னது, சன்னலுக்கு வந்தது. அப்புறம் நின்றது. கொட்டு தனியாக நாலு தட்டுத் தட்டியது.

இரண்டு வரிசையிலும் கை நின்றது. தணிந்த குரல் அந்த ஒரு வரியைச் சொல்லி முடிக்கும்வரை இரண்டு பேரும் அசையவில்லை.

"சாப்பிட்டயா சாமி?" என்று கூண்டுகளுக்கு அந்தப் பக்கமிருந்து சென்னிமலை கேட்டார்.

"இல்லப்பா" என்றான் கௌசிக். "நெம்பப் பசிக்குது."